யுகாதியன்று கொடுத்த சாவி

கௌரியம்மாளுக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேரை அவள் மொட்டைத் தலையோடுதான் பார்த்திருக்கிறாள். முடியோடு எதிரில் வந்தால் அடையாளம் தெரியாது. "நாந்தாம்மா, போன ஆடிக்குக் குடும்பத்தோட வந்தேனே" என்பார்கள். அவள் நெற்றிக்கு மேலே கொஞ்ச நேரம் பார்ப்பாள். "ஆங், பின்மண்ட தட்டையா இருக்குமே, நீதான" என்பாள்.

சரவணப் பொய்கையிலிருந்து மலைப்பக்கம் திரும்பும் தெருவில் இருபத்தேழு வருடம் வெந்நீர்க் குளியல் நடத்தினாள். முடி காணிக்கை கொடுத்தவர்களுக்கு ஆறு தடுப்பறைகள். ஆளுக்கு இரண்டு வாளி வெந்நீர். துணி மாற்ற ஓர் இடம், தலைக்குத் தடவச் சந்தனம். பிள்ளைகள் அழுதால் அவளே உள்ளே போய் ஊற்றுவாள். புதிதாக மழித்த தலைக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்று அவள் கைக்குத் தெரியும்.

அவள் ஆர்.கே.பேட்டைப் பக்கம். வயல் கூலிக்குப் போகிற குடும்பம். கணவன் கரும்பு லாரியில் சுமை ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். ஒரு வருடம் அரவைக் காலம் முடிந்தது. லாரி வந்தது, அவன் வரவில்லை. நான்கு வயது மகள் கல்பனாவைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தாள். லாட்ஜுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தாள். பொய்கைத் தெருவில் மூன்று சுவரும் ஒரு கிணறுமாக ஒரு காலி இடம் கிடந்தது. அதன் சொந்தக்காரர் பங்காரு. பக்கத்திலேயே அவருக்கு இரண்டு கடைகளும் இருந்தன. தெலுங்குக் குடும்பம். கௌரியம்மாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டாள்.

கொடுக்கிறேன் என்றார்.

"எதுனா காயிதம் எழுதணுமாங்க?"

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்குத் தமிழு எழுத வராது. தெலுங்குல எழுதினா யாரு உனக்குப் படிச்சிக் காட்டறது? உடு."

காகிதத்துக்குப் பதில் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர்கள் வீட்டில் யுகாதிதான் வருஷப்பிறப்பு. அன்று காலையில் குடக்கூலிக்கு இருக்கிறவர்கள் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதைச் சாமி முன்னால் தாம்பாளத்தில் வைப்பார். மனைவி ஜெயம்மா சாவிக்கு மஞ்சள் குங்குமம் வைப்பாள். கால் மணி நேரம் கழித்து, ஒரு கிண்ணம் வேப்பம்பூப் பச்சடியோடு சாவி திரும்பி வரும். வந்துவிட்டால் இன்னொரு வருடம் இடம் உன்னுடையது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் என்றார்.

இரண்டு மூன்று வருடங்களில் அவர் அவளுக்குப் பாவா, அதாவது அத்தான், ஆனார். ஜெயம்மா அக்கா ஆனாள். அவர்களுடைய ஒரே மகன் ராஜேஷ் அவளைப் பின்னி என்று கூப்பிட்டான். தெலுங்கில் சின்னம்மா என்று அர்த்தம்.

ஒவ்வொரு யுகாதிக்கும் பங்காரு தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்.

"இந்த வருசமும் உன்னத் தொரத்த முடியல பாரு."

"நீங்க தொரத்தனா மலை மேல போயி உக்காந்துக்குவேன் பாவா. அங்க வாடகை கெடையாது."

"அங்க இருக்கறவரு என்ன உட பெரிய ஓனரு. படி ஏறவெச்சே உன் உசுர எடுத்துடுவாரு."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, சாமி முன்னால" என்பாள் ஜெயம்மா. பிறகு அவளும் சிரிப்பாள்.

தடுப்பறைகளைக் கௌரியம்மாள்தான் கட்டினாள். கிணறு வற்றியபோது ஆழ்துளை போட்டதும் அவள்தான். பங்காருவிடம் சொல்லிவிட்டுச் செய்தாள். அவர் வந்து பார்த்து, தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் காலப்போக்கில் காலி செய்து போய்விட்டார்கள். சாவி கொண்டுவருகிறவள் அவள் ஒருத்திதான் என்று ஆயிற்று. கல்பனா கல்யாணமாகி அரக்கோணம் போனாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று தை மாதம் பங்காரு இறந்தார். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். கௌரியம்மாள் அன்று குளியலை மூடவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்காக மூன்று தடவை அண்டாவை நிரப்பிக் காய்ச்சினாள். ஆண்கள் எல்லோரும் அங்கேதான் குளித்தார்கள். கொள்ளி வைத்த ராஜேஷ் மழித்த தலையோடு கடைசியாக வந்தான். சொம்பை எடுத்தவன் ஊற்றிக்கொள்ளாமல் நின்றான். அவள் வாங்கி அவன் தலையில் ஊற்றினாள். தண்ணீரோடு சேர்ந்து அவன் அழுதான்.

"சூடு போதுமாப்பா?"

"போதும் பின்னி."

ராஜேஷ் பதினொன்றாம் வகுப்பிலிருந்து சென்னையில் விடுதியில் படித்தவன். அங்கேயே வேலை. காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருநாள் குளியலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். இனி அம்மாவோடு இங்கேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னான். மூன்று இடத்தையும் சேர்த்து ஒரு லாட்ஜ் கட்டலாம் என்றிருக்கிறேன் என்றான்.

"கட்டுப்பா. நல்லா கட்டு. என் எடத்த மட்டும் உட்டுட்டு கட்டு."

"அத உட்டா வண்டி நிறுத்த வழியில்ல பின்னி."

"பாவா இருந்தா இப்பிடி கேட்டிருப்பாரா?"

கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

பத்து நாளில் யுகாதி வந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. அது கௌரியம்மாளுக்குத் தெரியும். கல்பனாவும் போனில் அதைத்தான் சொன்னாள்.

"அங்க பண்டிகையே இல்ல. நீ எதுக்கும்மா போற?"

"போவலன்னா தெருவுல இன்னா சொல்லுவாங்க? கெழவன் எப்ப சாவான்னு இருந்தா, சாவிய இடுப்புல சொருவிக்கினான்னு சொல்ல மாட்டாங்களா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

"எனக்கே தோணுதுடி."

குளித்துவிட்டுச் சாவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் கோலம் இல்லை. மாவிலைத் தோரணம் இல்லை. ஜெயம்மா உள்ளறையில் இருந்தாள். அந்த வருடம் அவள் வெளியே வருவதில்லை. ராஜேஷ்தான் வந்தான். கௌரியம்மாள் சாவியை நீட்டினாள்.

"பாவா இல்லாத வருசம். இது என் கையில இருந்தா நல்லா இருக்காதுப்பா. நீ வாங்கி வையி."

அவன் சாவியையும் அவளையும் பார்த்தான். "நெஜமாவா பின்னி?"

"ஆங். இன்னிக்கிதான குடுக்கணும்."

வாங்கிக்கொண்டான். அவள் நின்றாள். கால் மணி நேரம் ஆனது. அவன் உள்ளே போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். பிறகு வெளியே வந்து, "நீ போ பின்னி, வெயில் ஏறுது. நான் அப்பறமா வரேன்" என்றான். சாவியைக் கொண்டுவந்து தருவான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மாலையில் குளியலுக்குப் போனபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது. வாளிகளையும் முக்காலிகளையும் வெளியே சுவரோரமாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு வாளிகூட உடையவில்லை. அவ்வளவு கவனமாகச் செய்திருந்தான்.

அவள் திரும்பிப் போய்க் கேட்டாள். ராஜேஷ் உண்மையிலேயே திகைத்தான்.

"லாட்ஜ் கட்டணும்னு சொன்னேன். பத்து நாள்ல நீயே சாவியக் கொண்டாந்து குடுத்த. நெஜமாவான்னு கேட்டேன். ஆங்ன்ன. நான் இன்னான்னு நெனைக்கறது?"

"வருசா வருசம் குடுக்கறதுதானப்பா."

"இந்த வருசம்தான் வீட்ல பண்டிகை இல்லியே பின்னி."

பத்து நாளில் கட்டட வேலைக்கு ஆள் வருகிறார்கள், முன்பணம் கொடுத்தாயிற்று என்றான். வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

வக்கீல் சௌமியாவிடம் கல்பனாதான் கூட்டிப்போனாள். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியறை. சௌமியாவுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"அக்ரிமென்ட் இல்லியேம்மா" என்றாள் கௌரியம்மாள்.

"நாம போடப்போற வழக்குக்கு அது வேணாம். எடம் யாருதுன்னு கோர்ட்டு கேக்காது. நீங்க உள்ள இருந்தீங்களா, உங்க சம்மதம் இல்லாம வெளிய அனுப்பிட்டாங்களா, அவ்ளோதான் கேக்கும். ஆறு மாசத்துக்குள்ள போடணும். போட்டுடலாம்."

"நான் கட்டுன ரூமு?"

"எடம் உங்க கையில இருக்கறவரைக்கும் நீங்க கட்டுனத நீங்களே பிரிச்சி எடுத்துக்கினு போலாம். உட்டுக் குடுத்தப்பறம் அது எடத்தோட போயிடும். அதனால எல்லாம் ஒரே கேள்விதாம்மா. சாவிய நீங்க எதுக்குக் குடுத்தீங்க?"

"திருப்பிக் குடுப்பாங்கன்னு."

"இத அப்பிடியே சொல்லுங்க."

வழக்கு முடியும்வரை எதையும் இடிக்கக் கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் உத்தரவு கிடைத்தது. இடம் பூட்டிக் கிடந்தது. கூரைத் தகட்டின் மேல் அரசங்கன்று முளைத்தது. கௌரியம்மாள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள். அங்கே வெந்நீர் இல்லை. குளிர்காலத்தில் விரல்கள் மடங்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். இதை ஜெயித்துவிட்டால் மறுநாளே அடுப்பு மூட்டிவிடலாம் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் சொன்னாள்.

அடுத்த வருடம் அவள் முதலில் சாட்சி சொன்னாள். சௌமியா கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். ராஜேஷின் வக்கீல் ஆதிகேசவன் வயதானவர். மெல்லப் பேசுகிறவர். அன்று அவளிடம் அதிகம் கேட்கவில்லை.

வழக்கத்தை நிரூபிக்க ஜெயம்மாவைத்தான் கூப்பிட வேண்டும் என்றாள் சௌமியா. கௌரியம்மாள் தயங்கினாள்.

"பெத்த புள்ளைக்கு எதிரா வந்து சொல்லுவாங்களா?"

"உள்ளத சொன்னா போதும். சொல்லுவாங்களா, மாட்டாங்களா?"

"அக்கா பொய் சொல்ல மாட்டாங்க."

அழைப்பாணை போயிற்று. ஜெயம்மா மகனோடு காரில் வந்தாள். வருஷம் திரும்பிவிட்டிருந்தது. கூண்டில் ஏறியதும் கௌரியம்மாளைத் தேடிப் பார்த்தாள். சௌமியா கேட்டாள். ஜெயம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆமாம், வருடா வருடம் சாவி வரும். ஆமாம், நான்தான் மஞ்சள் குங்குமம் வைப்பேன். ஆமாம், திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. ராஜேஷ் தலை குனிந்திருந்தான். சௌமியா திரும்பிக் கௌரியம்மாளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

ஆதிகேசவன் எழுந்தார்.

"அம்மா, உங்க வீட்ல யுகாதி எப்பிடிக் கொண்டாடுவீங்க?"

"தோரணம் கட்டுவோம். பச்சடி செய்வோம். சாமிக்குப் படைப்போம்."

"சாவிய வெக்கறது அந்தப் பூசையிலதான?"

"ஆமா."

"பூசை இல்லாத நாள்ல யாராவது சாவி கொண்டாந்து குடுத்திருக்காங்களா?"

"இல்ல. காலி பண்ணிட்டுப் போறவங்க குடுப்பாங்க."

"உங்க வீட்டுக்காரரு தவறுன வருசம் யுகாதி கொண்டாடினீங்களா?"

ஜெயம்மா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்கம்மா."

"எப்பிடிக் கொண்டாடுவோம்? மூணு மாசம்கூட ஆவலியே."

"அது வாதிக்கும் தெரியும் இல்லையா?"

"தெரியும்."

ஆதிகேசவன் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மாடியறையில் சௌமியா வழக்குக் கட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். பிறகு, கௌரியம்மாளை இன்னொரு முறை கூண்டில் ஏற்ற மனு போடலாம் என்றாள்.

"பண்டிகை இல்லன்னு தெரிஞ்சே போனீங்கன்னா, அது வழக்கம் இல்ல, எடத்த உட்டுக் குடுத்தீங்கன்னு ஆயிடும். பழக்க தோஷத்துல போயிருக்கலாம். அன்னிக்கு அது ஞாபகத்துக்கு வராம இருந்திருக்கலாம். மறந்திருக்கலாம் இல்ல?"

கௌரியம்மாள் அவளைப் பார்த்தாள். சௌமியா கண்ணை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"மறந்திருந்தா எடம் கெடைக்குமா?"

"நான் அப்பிடி சொல்லலம்மா. நடந்தது உங்களுக்குத்தான தெரியும்."

மனுவை ஏற்றார்கள். கௌரியம்மாள் மறுபடி கூண்டில் ஏறினாள். அந்த வருடம் பண்டிகை இல்லை என்பது மறந்து போச்சு என்றாள். சொல்லும்போது அவள் குரல் சரியாகத்தான் இருந்தது.

ஆதிகேசவன் மெதுவாக எழுந்தார்.

"பங்காரு செத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

"சுடுகாட்டுக்குப் போனவங்க திரும்பி வந்து எங்க குளிச்சாங்க?"

"என் எடத்துல."

"வெந்நீர் வெச்சது யாரு?"

"நான்தான்."

"கொள்ளி வெச்சிட்டு வந்த மகன் தலையில தண்ணி ஊத்துனது யாரும்மா?"

அவள் ராஜேஷைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அவன் தலையில் இப்போது அடர்த்தியாக முடி இருந்தது.

"நான்தான்."

"அதையும் ரெண்டு மாசத்துல மறந்துட்டீங்க."

நீதிபதி இரண்டு முறை கேட்டார். பதில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு போன வருடம் வந்தது. யுகாதிக்குச் சாவி கொடுக்கும் வழக்கம் இருந்ததைக் கோர்ட்டு நம்பியது. பண்டிகை இல்லாத வருடத்தில் அந்த வழக்கம் இல்லை என்பதையும் நம்பியது. மறந்துவிட்டதாக வாதி சொன்னதை மட்டும் நம்பவில்லை. சாவி சம்மதத்தோடு கொடுக்கப்பட்டது; வழக்கு தள்ளுபடி. இந்த மாதிரி வழக்கில் மேல்முறையீடு கிடையாது என்று சௌமியா சொன்னாள். ஹைகோர்ட்டில் சீராய்வு கேட்கலாம்; பெரிதாக நம்பிக்கை இல்லை.

"வேற மாதிரி வழக்கு போட முடியுமாம்மா?"

"போடலாம். அதுக்குக் காயிதம் வேணும்."

கௌரியம்மாள் தலையாட்டினாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்காங்களா?"

"அப்பிடி இல்ல. நம்பத்தகுந்ததா இல்லன்னு எழுதியிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதான."

சௌமியா தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். கௌரியம்மாள் வேண்டாம் என்றாள்.

இடிப்பதற்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அவள் பார்க்கப் போகவில்லை. மூன்றாம் நாள் மண்டபத்தில் வேலை இல்லை. ஜெயம்மா வீட்டுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. ராஜேஷ் கட்டட வேலையில் இருப்பான் என்பது மட்டும் தெரியும். ஜெயம்மா கம்பிக் கதவுக்குப் பின்னால் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து கதவருகில் வந்தாள். திறக்கவில்லை.

"நான் உள்ளதத்தான் சொன்னேன் கௌரி. அது உன்னக் கவுத்துடும்னு எனக்குத் தெரியாது."

"தெரியும்க்கா. நீங்க இன்னா பண்ணுவீங்க."

"சாவிய அவன் கையில பாத்தேன். நாலு நாள் கழிச்சிதான் பூட்டுப் போட்டத சொன்னான். கேட்டேன். பின்னியே தானா குடுத்துச்சின்னான்."

"சரிக்கா."

தெருவில் காவடி ஒன்று பம்பையோடு போயிற்று. சத்தம் திரும்பி மறையும்வரை ஜெயம்மா காத்திருந்தாள்.

"அவரு செத்தது மறந்து போச்சின்னு சொன்னியாமே."

கௌரியம்மாள் கம்பியைப் பிடித்தாள்.

"ராஜேஷ் வந்து சொன்னான். நம்பல. கோர்ட்டுக் காயிதத்துல படிச்சிக் காமிச்சான்."

"மறக்கலக்கா. அன்னிக்கி மூணு அண்டா தண்ணி காய வெச்சேனே, எப்பிடி மறக்கும்? எடம் போயிடுமேன்னு சொன்னேன்."

"அப்ப பொய்யி."

"ஆங்."

ஜெயம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"அவரு சாவ வெச்சா பொய் சொன்ன? நீ மறந்திருந்தாக்கூடத் தேவலாம் கௌரி."

முறத்தை எடுத்துக்கொண்டாள். வெயிலாக இருக்கிறது, போ என்றாள். உள்ளே போய் விசிறியின் கீழே உட்கார்ந்து உளுந்தைப் புடைக்க ஆரம்பித்தாள். கௌரியம்மாள் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உமி வாசல்வரை பறந்து வந்தது. ஜெயம்மா ஒரு முறைகூட நிமிரவில்லை.